ஸ்கேன் அறிக்கை மட்டும் போதுமா?

வயிற்று வலிக்காகத் தனியார் நிலையத்தில் சிடி ஸ்கேன் எடுத்த ஒருவர், சில வாரங்களில் அரசாங்க மருத்துவமனையின் சிறப்பு மருத்துவரிடம் அனுப்பப்படுகிறார். கையில் இருப்பது இரண்டு பக்க அறிக்கையும் ஒரு குறுந்தட்டும். அங்குள்ள கணினியில் குறுந்தட்டு திறக்கவில்லை என்றால், மீண்டும் ஸ்கேன் எடுக்க நேரலாம். செலவும் காத்திருப்பும் ஒருபுறம் இருக்க, வயிற்றுப் பகுதி சிடி ஸ்கேனின் கதிர்வீச்சு, ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயைவிடப் பல மடங்கு அதிகம்.

அறிக்கை இருக்கும்போது படம் எதற்கு? அறிக்கை என்பது ஒரு மருத்துவர் படத்தைப் பார்த்து எழுதிய கருத்து. அறுவை சிகிச்சை செய்யப்போகும் மருத்துவர் கட்டி எங்கே இருக்கிறது, எந்த ரத்தக் குழாயை ஒட்டியிருக்கிறது என்பதைத் தம் கண்ணால் பார்க்க விரும்புவார். பழைய படத்தைப் புதிய படத்துடன் ஒப்பிட்டால்தான் கட்டி வளர்ந்ததா என்பதும் தெரியும்.

படத்தைக் கைப்பேசியில் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது இதற்கு மாற்றாகாது. ஒரு சிடி ஸ்கேனில் நூற்றுக்கணக்கான படங்கள் இருக்கும். அவற்றில் பதிவாகும் சாம்பல் நிற வேறுபாடுகள் ஆயிரக்கணக்கானவை. மருத்துவர் அவற்றைக் கூட்டியும் குறைத்தும் எலும்பு, நுரையீரல், ஈரல் என்று தனித்தனியாகப் பார்ப்பார். கைப்பேசிப் படத்தில் அது முடியாது.

இதற்காகத்தான் பாதுகாப்பான இணையவழிப் பகிர்வு முறைகள் வந்துள்ளன. உலகெங்கும் ஸ்கேன் இயந்திரங்கள் ‘டைகாம்’ எனும் பொதுத் தரத்தில் படங்களைச் சேமிக்கின்றன. அதனால் ஒரு நிறுவனத்தின் இயந்திரத்தில் எடுத்த படத்தை வேறொரு நிறுவனத்தின் கணினியிலும் திறக்கலாம். படங்கள் சங்கேதக் குறியீடாக மாற்றப்பட்டு அனுப்பப்படும். அனுமதி பெற்ற மருத்துவர் கடவுச்சொல்லுடன் இன்னொரு சரிபார்ப்பையும் முடித்த பிறகே அவற்றைத் திறக்கலாம். யார், எப்போது பார்த்தார் என்பதும் பதிவாகும்.

பக்கவாதம் போன்ற அவசர நேரத்தில் இதன் பயன் பெரிது. நோயாளி வந்துசேரும் முன்பே அடுத்த மருத்துவமனையின் நிபுணர் மூளைப் படத்தைப் பார்த்துச் சிகிச்சைக்குத் தயாராகலாம்.

பாதுகாப்பு குறித்த அச்சமும் நியாயமானதே. டைகாம் கோப்பில் படத்துடன் நோயாளியின் பெயர், பிறந்த தேதி, அடையாள எண் போன்றவையும் இருக்கும். 2018ல் சிங்ஹெல்த் கணினிக் கட்டமைப்பு ஊடுருவப்பட்டு, ஏறத்தாழ 1.5 மில்லியன் பேரின் தனிப்பட்ட விவரங்கள் திருடப்பட்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். எனவே, ஸ்கேன் படங்களைப் பொது மின்னஞ்சலிலோ குடும்ப வாட்ஸ்அப் குழுவிலோ போடாமல் இருப்பதே நல்லது.

சிங்கப்பூரில் 2011ல் தொடங்கிய தேசிய மின்னணு சுகாதாரப் பதிவு, நோயாளிகளின் முக்கிய மருத்துவ விவரங்களை வெவ்வேறு மருத்துவ நிலையங்கள் பார்க்க வழிசெய்கிறது. ஆனாலும், நம்முடைய எல்லா ஸ்கேன் படங்களும் எல்லா மருத்துவர்களுக்கும் தானாகவே கிடைத்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது.

ஸ்கேன் எடுத்த இடத்தில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: அறிக்கையுடன் முழுப் படங்களும் கிடைக்குமா? அடுத்த மருத்துவமனைக்கு நேரடியாக அனுப்ப முடியுமா? அனுப்பும் இணைப்பு எத்தனை நாள் செல்லுபடியாகும்? ஸ்கேன் எடுத்த தேதியையும் இடத்தையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் முதியவர்கள் இருந்தால், அவர்களுக்காகப் பிள்ளைகள் இதைச் செய்து வைக்கலாம். மருத்துவரைப் பார்க்கப் போகும் நாளுக்கு முன்பே படங்கள் போய்ச் சேர்ந்தனவா என்று ஒருமுறை தொலைபேசியில் கேட்டுவிடுவதும் நல்லது.