ராக்கி கட்டினால் ஜாமீன்!
நீதிபதிகளுக்கும் பாடம் வேண்டும் என்ற சுப்ரீம் கோர்ட்டு

நம் ஊரில் ஆவணி அவிட்டம் வருமே, அதையொட்டி வடநாட்டில் ராக்கி பண்டிகை வரும். அன்று தங்கை, அண்ணன் கையில் கயிறு கட்டுவாள். "உன்னைக் காப்பேன்" என்று அண்ணன் வாக்குக் கொடுப்பான். பணமும் பரிசும் தருவான்.

இந்தக் கயிறு, 2020-ம் ஆண்டில் ஒரு ஜாமீன் உத்தரவுக்குள் நுழைந்து விட்டது!

மத்தியப் பிரதேசத்தில் ஒரு பெண்ணின் வீட்டுக்குள் புகுந்து, கையைப் பிடித்துத் தொல்லை கொடுத்ததாகப் பக்கத்து வீட்டுக்காரர் மீது வழக்கு. அவர் ஜாமீன் கேட்டார். ஐகோர்ட்டு கொடுத்தது. ஆனால், ஒரு நிபந்தனை.

ராக்கி பண்டிகை அன்று அவர் தன் மனைவியுடன் அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போக வேண்டும். இனிப்புப் பெட்டி கொண்டு போக வேண்டும். ராக்கி கட்டும்படி கேட்க வேண்டும். அண்ணன் தரும் சீராக 11,000 ரூபாயும், பெண்ணின் மகனுக்குத் துணிமணி, இனிப்பு வாங்க 5,000 ரூபாயும் கொடுக்க வேண்டும்!

அந்தப் பெண்ணின் நிலையை எண்ணிப் பாருங்கள். யார் மீது புகார் கொடுத்தாரோ, அதே ஆள் மறுபடியும் வாசற்படியில் நிற்கிறார். இந்தத் தடவை கோர்ட்டு உத்தரவுடன்!

9 பெண் வக்கீல்கள்

இதை எதிர்த்து 9 பெண் வக்கீல்கள் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். 2021 மார்ச் 18-ந் தேதி தீர்ப்பு வந்தது. நிபந்தனை ரத்து ஆயிற்று. குற்றம் சாட்டப்பட்டவரை அண்ணனாக்குவது குற்றத்தையே லேசாக்கி விடும் என்று நீதிபதிகள் சொன்னார்கள்.

அதோடு நிற்கவில்லை. புகார் கொடுத்த பெண்ணை எதிரி சந்திக்கும்படி ஜாமீன் நிபந்தனை போடக்கூடாது. "சமாதானமாகப் போங்கள், கல்யாணம் செய்து கொள்ளுங்கள்" என்று யோசனை சொல்லக்கூடாது. அவள் உடை பற்றியோ, பழைய வாழ்க்கை பற்றியோ பேசக்கூடாது என்று வரையறுத்தார்கள்.

நீதிபதிகளின் தொடக்கப் பயிற்சியில் ஆண்-பெண் சமத்துவப் பாடம் இருக்க வேண்டும். அரசு வக்கீல்களுக்கும் பயிற்சி வேண்டும். சட்டக் கல்லூரிப் பாடத்திலும் அது சேர வேண்டும் என்றார்கள்.

சொல்லுக்கு ஒரு கையேடு

2023 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகளுக்காக ஒரு கையேட்டையே வெளியிட்டது. அதைத் தயாரித்த குழுவில் சென்னை ஐகோர்ட்டின் முன்னாள் நீதிபதி பிரபா ஸ்ரீதேவனும் ஒருவர்.

கையேட்டில் ஒரு சொற்பட்டியல் இருக்கிறது. "கற்புள்ள பெண்", "வேலைக்குப் போகும் பெண்" என்றெல்லாம் தீர்ப்பில் எழுத வேண்டாம். "பெண்" என்றாலே போதும் என்கிறது அது.

"கெடுக்கப்பட்ட பெண் அழுது புலம்பியிருப்பாளே, இவள் அழவில்லையே!" என்று சந்தேகப்படுவது உண்டு. கையேடு இதற்குப் பதில் சொல்கிறது: பெற்றோர் இறந்தால் ஒருவர் ஊரறிய அழுவார், இன்னொருவர் கல்லாய் நிற்பார். இருவருக்கும் துக்கம் ஒன்றுதானே!

"ஈவ் டீசிங்" என்ற சொல்லும் பட்டியலில் இருக்கிறது. தெருவில் நடக்கும் பாலியல் தொல்லைக்கு அது வேடிக்கைப் பெயர். சென்னையில் ஒரு கல்லூரி மாணவி உயிரிழந்ததைத் தொடர்ந்து, 1998-ல் தமிழ்நாடு கொண்டு வந்த தடைச் சட்டத்துக்கும் முதலில் அந்தப் பெயர்தான். பின்னர் "பெண்ணுக்குத் துன்பம் விளைவித்தல்" என்று பொருள்படும்படி சட்டத்தின் பெயரே மாறியது.

பத்திரிகைக்கும் உண்டு

பாடம் கோர்ட்டுக்கு மட்டும்தானா? தமிழ்ப் பத்திரிகைகள் நெடுங்காலம் "கற்பழிப்பு" என்றே எழுதி வந்தன. அந்தச் சொல்லில் இழந்தவள் அவள். அழிந்தது அவள் கற்பு. குற்றவாளியைக் காணவே காணோம்! "பாலியல் வன்கொடுமை" என்று எழுதும்போதுதான், "கொடுமை செய்தவன் யார்?" என்ற கேள்வி எழுகிறது.

கையேடு அலமாரியில் இருந்தால் பயனில்லை. புகாரை எழுதும் போலீஸ்காரர், செய்தியை எழுதும் நிருபர், தீர்ப்பை எழுதும் நீதிபதி ஆகிய மூவர் பேனாவிலும் அது இறங்க வேண்டும்.

மத்தியப் பிரதேசத்துப் பெண் கோர்ட்டுக்கு வந்தது அண்ணனைத் தேடி அல்லவே! நீதியைத் தேடித்தானே?