பழக்கம் எங்கே குடியிருக்கிறது?

ரமலான் மாதத்தில் பெங்களூரு சிவாஜிநகரின் கடிகாரமே மாறிவிடும். ரஸ்ஸல் மார்க்கெட்டைச் சுற்றிய தெருக்கள் நள்ளிரவு தாண்டியும் அடங்காது. விடியலுக்கு வெகு முன்பே வீடுகளில் விளக்கு எரியும், சஹர் சாப்பாட்டுக்கு அடுப்பு பற்றும். மற்ற மாதங்களில் அலாரத்தை அணைத்துவிட்டுப் புரண்டு படுப்பவர்கூட 29 அல்லது 30 நாள் தவறாமல் எழுந்துவிடுவார். எதையும் 21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும் என்பார்களே, அது மெய்யானால் பெருநாளுக்குப் பிறகும் அந்த விழிப்பு அவரோடு தங்க வேண்டும். ஒரு வாரம் போகட்டும். பெரும்பாலோர் பழைய நேரத்துக்கே எழுந்துகொண்டிருப்பார்கள்.

அதே பேட்டையின் தூய மரியன்னை பேராலயத்தில் ஆகஸ்ட் 29 அன்று கொடியேறும். செப்டம்பர் 8 திருவிழா வரை காவி உடுத்திப் புலால் தவிர்ப்பவர்கள் பலர். சபரிமலைக்கு மாலை போடுபவர்கள் 41 நாள் சிகரெட்டையும் மதுவையும் தொடுவதில்லை. விழா முடிந்ததும், மாலை கழன்றதும் பழையவை திரும்பிவிடுகின்றன.

இவர்களுக்கு மன உறுதி போதவில்லை என்று சொல்ல வழியில்லை. ஒரு மாதம் பகலெல்லாம் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்தவரின் உறுதியை யார் குறை சொல்வது? அந்த நாட்களில் அவரை எழுப்பியது பாங்கோசை, வீட்டார், தெரு, ஊர் எல்லாம்தான். பழக்கத்தில் பாதி நமக்குள் இருக்கிறது. மறுபாதி நாம் இருக்கும் இடத்திலும் வேளையிலும் கூட இருப்பவர்களிடமும் குடியிருக்கிறது. உடல்நலம், பணம், படிப்பு என எதில் நல்ல பழக்கம் வேண்டுமென்றாலும் இந்த மறுபாதியைக் கவனிக்கச் சொல்கிறது கடந்த முப்பது ஆண்டு ஆய்வு. அதில் முக்கியமான சில நம் சென்னையிலேயே நடந்தவை.

21 எங்கிருந்து வந்தது?

மேக்ஸ்வெல் மால்ட்ஸ் அமெரிக்காவின் ஒட்டுறுப்பு அறுவை மருத்துவர். அறுவைக்குப் பிறகு மாறிய முகம் நோயாளிக்குப் பழக ஏறக்குறைய 21 நாளாவது ஆகிறது என்று 1960-இல் வெளியான தம் நூலில் எழுதினார். 'ஆவது' என்பது நாளடைவில் உதிர்ந்துவிட்டது. 21 மட்டும் விதியாக நின்றுவிட்டது.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஃபிலிப்பா லாலி குழுவினர் இதை அளந்தே பார்த்தார்கள். 96 பேர் ஆளுக்கொரு புதிய செயலை, காலைச் சாப்பாட்டுக்குப் பின் என்பதுபோல ஒரு வேளையோடு சேர்த்து, 12 வாரம் செய்துவந்தார்கள். யோசிக்காமலே செய்யும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் பிடித்தது என்று 2009-இல் வெளியான அந்த ஆய்வு சொன்னது. சிலருக்கு 18 நாளே போதுமாக இருந்தது. சிலருக்கு 254 நாள் வரை ஆகும் எனக் கணக்கு காட்டியது. ஒரு தம்ளர் தண்ணீர் குடிப்பது சீக்கிரம் படிந்தது, உடற்பயிற்சி தாமதித்தது. ஆக, எல்லாருக்கும் பொருந்தும் நாள் கணக்கு என்று ஒன்று இல்லை.

மூளை கணக்கை முடிக்கும் விதம்

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆன் கிரேபியல் எலிகளை 'டி' வடிவப் பாதையில் ஓடவிட்டார். ஒரு ஒலி கேட்டதும் சரியான பக்கம் திரும்பினால் பரிசு. முதல் நாட்களில் மூளையின் ஆழத்திலுள்ள ஸ்ட்ரயேட்டம் என்ற பகுதி பாதை நெடுகச் சுறுசுறுப்பாக இருந்தது. பாதை பழகியபின் ஓட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் அது துடித்தது, நடுவில் அமைதி. பல அடிகளை ஒரே மூட்டையாகக் கட்டி வைத்துவிடுகிறது மூளை. மூட்டையை அவிழ்க்கத் தொடக்கத்தில் ஒரு தூண்டல் போதும்.

அந்தத் தூண்டல் பெரும்பாலும் இடம்தான் என்று காட்டியவர் உளவியலாளர் வெண்டி வுட். மக்கள் அன்றாடம் செய்வதில் ஏறக்குறைய 43 சதவீதம் அதே இடத்தில், யோசனையில்லாமல் திரும்பத் திரும்பச் செய்பவை என்பது அவர் 2002-இல் கண்டது. அவர் பங்கேற்ற இன்னொரு ஆய்வில், தியேட்டருக்கு வந்தவர்களுக்கு ஒரு வாரம் பழைய, நமத்துப்போன பாப்கார்ன் கொடுத்தார்கள். தியேட்டரில் கொறித்தே பழகியவர்கள் அதையும் புதியதைப் போலவே தின்றார்கள்; பிடிக்கவில்லை என்று அவர்களே சொன்னார்கள், கை நிற்கவில்லை. சாதாரண அறையில் உட்காரவைத்துப் பாட்டுக் காட்சி காட்டியபோது நமத்ததைக் குறைவாகவே தின்றார்கள்.

காலையில் ஆயிரம், மாலையில் ஆயிரத்து ஐம்பது

பணத்துக்கு வருவோம். சென்னை கோயம்பேடு மார்க்கெட்டின் சிறு வியாபாரிகள் பலர் காலையில் 1,000 ரூபாய் தண்டல் வாங்கிச் சரக்கெடுத்து, மாலையில் 1,050 ஆகத் திருப்புவார்கள். நாளொன்றுக்கு 5 சதவீதம். சிவாஜிநகரில் தள்ளுவண்டி நிறுத்துபவர்களுக்கும் இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை. தினமும் 5 ரூபாயை மட்டும் செலவழிக்காமல் மறுநாள் முதலில் சேர்த்தால், குறையும் வட்டியையும் சேர்த்து, சுமார் 50 நாளில் கடனே வேண்டாம். இருந்தும் ஆண்டுக்கணக்கில் வாங்கிக்கொண்டே இருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் பிறந்த பொருளியலாளர் செந்தில் முல்லைநாதன், டீன் கார்லன், பெஞ்சமின் ராத் ஆகியோர் சென்னையிலும் பிலிப்பைன்ஸிலும் இத்தகைய வியாபாரிகளின் கடனை ஒரே தடவையில் அடைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். பெரும்பாலோர் ஆறே வாரத்தில் மீண்டும் கடனில் இருந்தார்கள் என்பது 2019-இல் வெளியான முடிவு. கடன் போயிற்று, கையிருப்பு இல்லாத நிலையும், திடீர்ச் செலவும், காலையில் கை நீட்டும் வழக்கமும் இருந்த இடத்திலேயே இருந்தன.

இதை அறியாமை என்று தள்ளிவிடக் கூடாது. விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதிகளின் 464 கரும்பு விவசாயிகளிடம் செய்த ஆய்வு 2013-இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. அறுவடைக்கு முன், கை வறண்டிருந்தபோது, அறிவுத் தேர்வுகளில் அவர்கள் வாங்கிய மதிப்பெண்ணைவிடப் பணம் வந்தபின் வாங்கியது கூடுதல். ஆள் அதே ஆள்தான். பணக் கவலை யோசனைக்கு வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அப்படிப்பட்டவரிடம் தினமும் புதிதாக உறுதி எடுக்கச் சொல்வதில் பயனில்லை; யோசிக்காமலே பணம் ஒதுங்க ஒரு வழி செய்ய வேண்டும்.

ஆய்வாளர்கள் திலீப் சோமனும் அமர் சீமாவும் அதைத்தான் செய்தார்கள். இந்தியக் கூலித் தொழிலாளர்களின் சம்பளத்தில் ஒரு சிறு தொகையைத் தனி உறையில் இட்டு ஒட்டிக் கொடுத்தார்கள். பூட்டு இல்லை, தடை இல்லை; எப்போது வேண்டுமானாலும் கிழிக்கலாம். ஆனாலும் தொகையை இரண்டு உறையாகப் பிரித்தபோது சேமிப்பு கூடியது, உறைமேல் பிள்ளைகளின் படம் இருந்தபோதும் கூடியது. கிழிக்குமுன் ஒரு கணம் நிற்க வைத்ததுதான் அந்த உறை செய்த வேலை.

நம் வீடுகளின் சீட்டும் இந்த வகைதான். மாதத்தின் இன்ன தேதி, இன்னார் வீடு, கட்டாவிட்டால் பத்துப் பேர் முன்னால் தலை நிமிர முடியாது. பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட மைராடா தொண்டு நிறுவனம் 1980-களில் வளர்த்த சுயஉதவிக் குழுக்களும் குறித்த நாளில் கூடிச் சிறு தொகை போடுவதில் தொடங்கியவை. 1992-இல் நபார்டு அவற்றை வங்கிகளோடு இணைத்தது. தண்டலின் கழுத்துப் பிடியிலிருந்து விடுபட, 2020-இல் வந்த பி.எம். ஸ்வநிதி போன்ற தெருவோர வியாபாரிக் கடன்களும் உண்டு. வட்டி குறைந்த கடனோடு தினமும் ஒதுக்கும் ஏற்பாடும் சேர்ந்தால்தான் ஆறு வாரக் கதை மாறும்.

படுத்தால் போதுமா?

தூக்கத்திலும் இதே பாடம். சென்னையில் குறைந்த வருமானமுள்ள 452 பேரின் மணிக்கட்டில் கருவி கட்டி அளந்தது 2021-இல் வெளியான ஓர் ஆய்வு. இரவில் அவர்கள் 8 மணி நேரம் படுக்கையில் இருந்தார்கள். தூங்கியது சராசரியாக ஐந்தரை மணி நேரம். வெக்கை, கொசு, சத்தம், இட நெருக்கடி மீதியைத் தின்றன. கண்மூடி, காதடைப்பான், ஆலோசனை, ஊக்கத்தொகை எல்லாம் கொடுத்ததில் இரவுத் தூக்கம் 27 நிமிடம் கூடியது. வேலைத்திறனோ மனநலமோ அதனால் உயரவில்லை. அதே ஆய்வில், வேலை செய்யும் இடத்திலேயே அமைதியான சூழலில் பகலில் அரை மணி கண்ணயர்ந்தவர்களுக்கு வேலைத்திறன், கவனம், மனநிலை மூன்றும் மேம்பட்டன. துண்டு துண்டான தூக்கத்தை நீட்டுவதைவிட, நல்ல இடத்தில் சிறிது நேரத் தூக்கம் உதவியிருக்கிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். விடியுமுன் கலாசிபாளையத்துக்கும் கே.ஆர். மார்க்கெட்டுக்கும் போய்ச் சரக்கெடுத்து வருபவருக்கு மதியத் தூக்கம் சோம்பலின் அடையாளம் ஆகாது.

படிக்கும் பிள்ளைக்கு

டி.வி.யும் சமையலும் விருந்தாளியும் ஒரே அறையில் இருக்கும் வீட்டில் 'மனம் வைத்துப் படி' என்பது பாதி அறிவுரைதான். எங்கே, எப்போது என்பது மறுபாதி. ஜெர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் மாணவர்களுக்குக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஒரு கட்டுரை எழுதும் வேலை கொடுத்தார். எந்த இடத்தில், எந்த நேரத்தில் எழுதப்போகிறோம் என்று முன்கூட்டியே குறித்தவர்களில் ஏறக்குறைய 70 சதவீதம் பேர் முடித்தார்கள். குறிக்காதவர்களில் முடித்தது மூன்றில் ஒரு பங்குதான். சிவாஜிநகர் மாணவருக்குக் கப்பன் பூங்காவின் சேஷாத்ரி ஐயர் நினைவு மண்டபத்தில் இயங்கும் மாநில மத்திய நூலகம் தூரமில்லை. வீட்டிலேயே என்றால் ஒரு மூலை, ஒரு பாய், தினமும் அதே வேளை.

உட்கார்ந்தபின் என்ன செய்வது என்பதற்கும் விடை உண்டு. உளவியலாளர்கள் ரோடிகர், கார்ப்பிக் 2006-இல் நடத்திய சோதனையில், பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் 56 சதவீதமும் மறுவாசிப்புக்காரர்கள் 42 சதவீதமும் நினைவில் வைத்திருந்தார்கள். வாசிக்கும்போது கிடைக்கும் 'தெரிந்துவிட்டது' என்ற நிறைவு நம்பத்தக்கதல்ல.

விட வேண்டியதை எட்ட வை

வேண்டாத பழக்கத்துக்கு இதையே தலைகீழாகச் செய்யலாம். 1980-களின் தொடக்கத்தில் நடந்த ஒரு சோதனையில் லிஃப்ட் கதவு மூடுவதைப் 16 நொடி தாமதமாக்கினார்கள். லிஃப்ட் பயன்பாடு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இரவில் அலைபேசியை அடுத்த அறையில் சார்ஜில் போடுவது, பணம் கட்டும் செயலியை முதல் திரையிலிருந்து நீக்குவது எல்லாம் இந்தப் 16 நொடிகள்தான். அதற்கும் அடங்காமல் திரை வாழ்க்கையைத் தின்றால் மருத்துவ உதவி கேட்கலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் 2014 முதல் இதற்கென்றே தனிச் சிகிச்சைப் பிரிவு நடத்திவருகிறது.

பழக்கத்தின் மறுபாதி சூழலில் இருக்கிறதென்றால், அதைச் சீர்செய்யும் பொறுப்பும் தனி ஆளோடு நிற்காது. மார்க்கெட்டில் ஒரு நிழலான ஓய்வறை, தேர்வுக் காலத்தில் இரவு வரை திறந்திருக்கும் வாசிப்பறை, சம்பளத்தைக் கையில் தரும்போதே ஒரு பகுதியைச் சேமிப்பில் போட வழி. இவற்றைச் செய்யக்கூடியவர்கள் மாநகராட்சியும் பள்ளிகளும் முதலாளிகளும்தான். ஒழுக்கப் பாடம் நடத்துவதற்குமுன் இவற்றைச் செய்யட்டும்.

தனி ஆளாகத் தொடங்க நினைப்பவர் ஒரே ஒரு செயலை எடுத்து, ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒன்றின் பின்னால் கட்டட்டும்: காப்பி குடித்ததும் மாத்திரை, கடை எடுத்துவைத்ததும் உண்டியலில் பத்து ரூபாய், விளக்கேற்றியதும் புத்தகம். இடையில் ஒரு நாள் விட்டுப்போகும். லாலியின் ஆய்வில் அப்படி ஒரு நாள் தவறவிட்டவர்களுக்கும் பழக்கம் படிவதில் பெரிய பாதிப்பு இல்லை. மறுநாள் அதே வேளையில் செய்தால் போதும். கணக்கை ஒன்றிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.