ஆடும் மாடி, தொய்ந்த உத்திரம், கீழே ஒரு ஜாக்கி

திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதி கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் பழைய வீட்டு மாடி எதிலாவது நடந்திருக்கிறீர்களா? யாராவது வேகமாக நடந்தால் அலமாரியில் இருக்கும் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுக்கும். பெரியப்பா வீடும் அப்படித்தான். கீழே தையல் கடை, மேலே பெரியம்மா தனியாக இருக்கிறார். ஹாலின் தரை நடுவில் பள்ளமாக இருப்பது கண்ணுக்கே தெரிகிறது. வந்து பார்த்த மேஸ்திரி, "நாலு ஜாக்கி குடுத்து ஒரே நாள்ல லெவல் பண்ணிடலாம் சார்" என்றார். புரோக்கர் ஒருவர் இடித்துவிடலாம் என்றார். பெரியம்மா இரண்டுக்கும் மசியவில்லை. "நான் கல்யாணம் ஆகி வந்த அன்னைக்கே இது ஆடிண்டுதான் இருந்தது" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் பாதி நோயறிதல் இருக்கிறது. தரை ஆடுவது ஒரு விஷயம், தரை தொய்வது இன்னொரு விஷயம். இரண்டுக்கும் மருந்து ஒன்றல்ல. இதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று வாரம் ஆனது. அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நம்மூர் மாடி எதனால் ஆனது என்று பார்க்கலாம். இந்த முறைக்கு மெட்ராஸ் டெரஸ் என்றே பெயர். சுவருக்குச் சுவர் தேக்கு உத்திரம், அதன் மேல் நெருக்கமாகக் கட்டைகள். கட்டைகளின் மேல் மெல்லிய சிறிய செங்கற்களைக் குத்துவாக்கில் நிறுத்தி, கட்டைக்குச் சாய்கோணமாக, சுண்ணாம்புச் சாந்தில் வரிசை வரிசையாக ஒட்டிக்கொண்டே போவார்கள். அடியில் பலகை அடைப்பது கிடையாது. ஒரு வரிசை பிடித்ததும் அடுத்த வரிசை அதில் ஒட்டிக்கொள்ளும். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கனமான படுகை. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரத்தட்டியால் நாள்கணக்கில் அடித்து அதை இறுக்குவார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளிப்பார்கள். மேலே தளம். எல்லாம் சேர்ந்து சுமார் 20 செ.மீ. கனம்.

அழகான வேலைதான், ஆனால் எடை? ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 380 கிலோ. கட்டில், பீரோ சேர்த்து 400 என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரியம்மா வீட்டு ஹாலின் அகலம் 14 அடி, அதாவது 4.25 மீட்டர். 6 அங்குல அகலமும் 11 அங்குல உயரமும் கொண்ட மூன்று உத்திரங்கள், 5 அடிக்கு ஒன்றாக இருக்கின்றன. ஆக ஒரு உத்திரத்தின் தலையில் எப்போதும் உட்கார்ந்திருப்பது சுமார் இரண்டரை டன். மனிதர்கள் இன்னும் வரவே இல்லை!

உத்திரம் எவ்வளவு வளையும் என்பதில் இரண்டு எண்கள்தான் முக்கியம். நீளம் இரண்டு மடங்கானால் (ஒவ்வொரு அடிக்கும் அதே பாரம் என்றால்) வளைவு 16 மடங்காகும். உத்திரத்தின் உயரம் இரண்டு மடங்கானால் வளைவு எட்டில் ஒன்றாகும். அகலத்தைக் கூட்டினால் பெரிய பலன் இல்லை. நடுவில் முட்டுக் கொடுப்பது ஏன் இவ்வளவு வேலை செய்கிறது என்பதற்கு முதல் எண்தான் பதில். முட்டு, நீளத்தைப் பாதியாக்குகிறது.

இப்போது ஆட்டத்துக்கு வருவோம். போனில் அதிர்வு பார்க்கும் செயலி ஒன்றைப் போட்டு, போனைத் தரை நடுவில் வைத்து, பக்கத்தில் நின்று குதிகாலை ஒரு முறை தொம்மென்று ஊன்றினேன். (தையல்காரர் என்னவோ ஏதோ என்று மேலே ஓடி வந்துவிட்டார்.) வினாடிக்கு 6 முறை, அதாவது 6 ஹெர்ட்ஸ். நாம் நடப்பது வினாடிக்கு ஏறக்குறைய இரண்டு அடி. அந்த இரண்டின் மடங்குகளான 4, 6 ஆகியவற்றிலும் நம் நடை தரையை உலுக்குகிறது. அதனால் 6 ஹெர்ட்ஸ் தரை மனித நடைக்குத் தாளம் போடும். ஐரோப்பிய மரக்கட்டுமான விதிகளில் வீட்டுத் தரைக்கு 8 ஹெர்ட்ஸைத் தாண்டச் சொல்வது இதனால்தான். ஆனால் இது தொந்தரவே தவிர, பலவீனத்துக்கு அத்தாட்சி இல்லை. அறுபது வருடமாக அதே மாதிரி ஆடுகிற தரை அறுபது வருடமாக நின்றும் இருக்கிறதே.

இந்த 6 இன்னொன்றையும் சொல்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்த கணக்கு இது. சாதாரண உத்திரத்துக்கு, தன் பாரத்தால் அது வளைந்திருக்கும் அளவை மில்லிமீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தால் 18-ஐ வகுத்தால் அதிர்வெண் கிடைக்கும். தலைகீழாகப் போடுங்கள். 18-ஐ 6-ஆல் வகுத்தால் 3, அதன் வர்க்கம் 9. ஆக, பாரத்தை எடுத்தால் திரும்பி வரக்கூடிய வளைவு 9 மி.மீ. தேக்கின் விறைப்பை வைத்து நேராகக் கணக்குப் போட்டாலும் 8 முதல் 9 மி.மீ. வருகிறது.

ஆனால் டியூப் லெவல் பிடித்துப் பார்த்தபோது நடுவில் இருந்த பள்ளம் 26 மி.மீ. மீதி 17 எங்கிருந்து வந்தது? அது மரத்தின் வயசு. பாரம் தாங்கிக்கொண்டே இருக்கும் மரம் வருடக்கணக்கில் மெல்ல மெல்ல நெகிழ்ந்து, அந்த வடிவத்திலேயே தங்கிவிடும். மழைக்காலத்தில் ஈரம் ஏறி, கோடையில் காய்ந்து, மறுபடி ஏறும் ஊரில் இது இன்னும் அதிகம். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் திருவல்லிக்கேணியில் கேட்கவே வேண்டாம். ரப்பரை இழுத்தால் திரும்பும், மெழுகை வளைத்தால் திரும்பாது. தேக்கு இரண்டும் கொஞ்சம் கொஞ்சம்.

மேஸ்திரி சொன்ன "ஒரே நாள்ல லெவல்" ஏன் ஆபத்து என்று இப்போது தெரிகிறதா? 26 மி.மீ. தூக்க வேண்டுமென்றால், முதல் 9-க்கு மேல் தூக்குவதெல்லாம் உத்திரத்தை எதிர்ப்பக்கமாக வளைப்பதுதான். மரம் ஒருவேளை தாங்கும். அதன் மேல் இருக்கும் செங்கலும் சுண்ணாம்பும் தாங்காது. அந்தப் படுகை நசுக்கலைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. நடுவில் கீழிருந்து தள்ளினால் தளத்தின் மேல்பக்கம் இழுபடும், சரியாக முட்டுக்கு மேலே குறுக்காக விரிசல் விடும். தொய்ந்த நிலையிலேயே பல்லாண்டு பழகி இறுகிய செங்கல் வரிசைகள் ஒன்றிலிருந்து ஒன்று பிரியும். அடுத்த மழையில் கீழே தையல் மிஷின் மேல் கல் விழும்.

ஜாக்கி அப்படி ஒரு சாதனம். சென்ட்ரிங் வேலைக்கு வாடகைக்குக் கிடைக்கும் இரும்புக் குழாய் ஜாக்கியைத்தான் சொல்கிறேன். ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு குழாய், துளையில் ஒரு பின், மேலே மரையுள்ள வளையம். 1935-ல் இங்கிலாந்தில் வில்லியம் டி விஜியர் என்ற சுவிஸ்காரர் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். கம்பெனிக்கு அக்ரோ என்று பெயர், அவருடைய வக்கீல் ஏ. க்ரோவின் பெயரிலிருந்து வந்தது. வக்கீலுக்கு அழியாப் புகழ் கிடைத்தது இப்படித்தான்! நம்ம ஊரில் அதற்கு முன்னாலும் பின்னாலும் சவுக்குக் கட்டைதான். அதற்கு நீளத்தை மாற்றத் தெரியாது, ஆப்பு அடித்து இறுக்க வேண்டும்.

மரையின் பலத்தைக் கவனியுங்கள். வளையத்தில் 30 செ.மீ. கம்பியைச் செருகிச் சுற்றினால், ஒரு முழுச் சுற்றுக்குக் கை 188 செ.மீ. நகர்கிறது, தலை 6 மி.மீ. ஏறுகிறது. கணக்குப்படி 314 மடங்கு. உராய்வில் முக்கால்வாசி போனாலும் 80 மடங்கு மிச்சம். 20 கிலோ விசையில் தள்ளினால் மேலே 1.6 டன் போகும். சுற்றுகிற கைக்கு அது தெரியவே தெரியாது.

சரி, எவ்வளவு சுற்றலாம்? முட்டை உத்திரத்தில் தொட்டும் தொடாமலும் வைத்தால், ஏற்கனவே இருக்கும் பாரத்தில் அது ஒரு கிலோகூட ஏற்காது. இனிமேல் வரும் பாரத்தில்தான் பங்கு வாங்கும். 9 மி.மீ. முழுவதும் தூக்கினால் இரண்டரை டன்னில் எட்டில் ஐந்து பங்கு, சுமார் 1.6 டன், முட்டுக்கு வரும். அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு 175 கிலோ. ஒரு முழுச் சுற்றுக்கு ஒரு டன்! கால் சுற்றுக்கு 260 கிலோ. இந்த விகிதம் கையில் இருந்தால் ஜாக்கியே தராசு மாதிரி ஆகிவிடுகிறது.

ஆட்டத்தை நிறுத்தவோ தூக்கவே வேண்டாம். தொட்டு இறுக்கினாலே நீளம் பாதியாகி அதிர்வெண் நான்கு மடங்காக வேண்டும். ஏட்டில் 24 ஹெர்ட்ஸ்.

இதெல்லாம் உத்திரம் நல்ல நிலையில் இருந்தால். மூன்று உத்திரங்களின் முனைகளையும், சுவருக்குள் நுழையும் இடத்தில், ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்தோம். இரண்டில் உள்ளே இறங்கவில்லை. மூன்றாவதில், மழைநீர்க் குழாய் ஓடும் சுவர்ப்பக்கம், வெண்ணெயில் இறங்குவது போல இறங்கியது. ஒரு சாண் நீளத்துக்கு உளுத்திருந்தது. ஆடும் தரையைப் பற்றியே எல்லாரும் பேசிக்கொண்டிருந்தோம், உண்மையான ஆபத்து ஆட்டமே இல்லாத மூலையில் இருந்தது. இந்த உத்திரத்துக்கு நடுவில் மட்டும் முட்டுக் கொடுத்தால் பிரயோஜனமில்லை. உளுத்த முனை நசுங்கிக்கொண்டே போகும். சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி, நல்ல மரம் தொடங்கும் இடத்தில் முட்டு வேண்டும். அதை அன்று சாயங்காலமே சவுக்குக் கட்டையால் செய்தோம். மேலே அந்த மூலையில் இருந்த பீரோவை எதிர்ச்சுவருக்கு நகர்த்த பெரியம்மாவைச் சம்மதிக்க வைப்பதுதான் சிரமமாக இருந்தது.

கீழே என்ன இருக்கிறது என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். வீட்டில் ஆட்கள், சாமான்கள் என்று சதுர மீட்டருக்கு இன்னும் 200 கிலோ வரலாம் என்று இந்திய விதிகள் எடுத்துக்கொள்ளச் சொல்கின்றன. அதையும் சேர்த்தால் முட்டுக்கு வருவது 2.4 டன். ஜாக்கியின் அடித்தகடு 15 செ.மீ. சதுரம். அதன் கீழ் அழுத்தம் சதுர மீட்டருக்கு நூறு டன்னைத் தாண்டுகிறது. நான் ஈர மணலுக்குப் பத்து டன்தான் கணக்கு வைத்தேன். தையல் கடையின் சிவப்பு சிமெண்ட் தரை அப்பளம் மாதிரி உடையும். அதனால் தரையைப் பெயர்த்து, அரை மீட்டர் சதுரத்தில் கம்பி கட்டிய கான்கிரீட் பீடம் போட்டோம். ஜாக்கியின் தாங்கு திறனும் நீட்ட நீட்டக் குறையும். 2 மீட்டரில் தாங்குவதில் மூன்றில் ஒரு பங்குதான் மூன்றரை மீட்டரில். எனவே உத்திரத்துக்கு இரண்டு ஜாக்கி, தலையில் ஒரு தேக்குத் துண்டு.

"அப்போ வீட்டையே தூக்குறாங்களே?" என்று கேட்பீர்கள். சென்னையில் ரோடு உயர்ந்து வீடு தாழ்ந்து போனவர்கள் ஜாக்கி வைத்து முழு வீட்டையும் அடிக்கணக்கில் உயர்த்துவது உண்மைதான். அங்கே ஜாக்கிகள் சுவர்களின் அடியில் வரிசையாக இருக்கும், எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் ஒரே அளவு சுற்றுவார்கள். வீடு வளைவதில்லை, அப்படியே ஏறுகிறது. உத்திரத்தின் நடுவில் தள்ளுவது அதற்கு நேர் எதிரான வேலை.

பொறியாளர் ஒருவர் வந்து பார்த்து ஒப்புக்கொண்டபின், நல்ல உத்திரங்கள் இரண்டுக்கும் வாரத்துக்குக் கால் சுற்று, நான்கு வாரம். ஒவ்வொரு முறையும் மேலே தரையில் சுண்ணாம்புக் கோட்டை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார், விரிசல் வருகிறதா என்று. வரவில்லை. ஆறு மி.மீ. சுற்றியதில் தரை நான்குதான் ஏறியது. மீதி, பீடமும் குழாயும் அமுங்கியதில் போயிற்று. அதிர்வு இப்போது 17 ஹெர்ட்ஸ். 24 வராததற்கும் அதே அமுக்கம்தான் காரணம். டம்ளர்கள் சத்தம் போடுவதில்லை. பள்ளம் 22 மி.மீ. இருக்கிறது, இருக்கட்டும்.

மூன்றாவது உத்திரத்தின் முனையை வெட்டி, இரண்டு பக்கமும் இரும்புச் சேனல் வைத்து போல்ட் போட்டாயிற்று. மழைநீர்க் குழாயையும் மாற்றினோம். ஜாக்கிகளை அப்படியே விட்டுவிட முடியாது. உப்புக் காற்றில் மரை துருப்பிடிக்கும், துணி வெட்டும் மேஜை இடித்தால் பின் நகரும். ஐப்பசி மழைக்கு முன்னால் அவற்றை எடுத்துவிட்டு அதே பீடங்களில் இரும்புத் தூண் நிற்கப்போகிறது. தூண் எந்தப் பக்கம் வந்தால் மேஜைக்கு இடைஞ்சல் இல்லை என்று தையல்காரர் சாக்பீஸில் தரையில் வட்டம் போட்டு வைத்திருக்கிறார். உத்திரத்தின் நடுவிலிருந்து அது நான்கு அங்குலம் தள்ளி இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன், பரவாயில்லை.