எலிக்கு நீண்ட ஆயுள்

மினோசைக்ளின் முகப்பருவுக்கு எழுதித்தரப்படும் ஒரு பழைய ஆன்டிபயாடிக். அது ஏ.எல்.எஸ். நோய் கண்ட எலிகளின் ஆயுளை நீட்டியதாக 2002-இல் ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஸ்டீபன் ஹாக்கிங்கைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்த நோய்தான் ஏ.எல்.எஸ். தசைகளை இயக்கும் நரம்புச் செல்கள் மடிய மடிய நடை, பேச்சு, விழுங்குதல், கடைசியில் மூச்சும் நின்றுபோகும். அப்படியொரு நோயாளியின் வீட்டில் இந்தச் செய்தி எப்படி ஒலித்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

செய்தியின் பின்னணியில் இருந்த கருத்தும் வலுவானதுதான். மூளையில் நரம்புச் செல்களோடு கிளியா என்னும் துணைச் செல்களும் உண்டு. அவற்றில் ஒருவகையான மைக்ரோகிளியா காவல் வேலையும் துப்புரவு வேலையும் பார்க்கும். நோய் வந்தால் அவை கிளர்ந்தெழுந்து அழற்சியைத் தூண்டும். அருகிலுள்ள நரம்புச் செல்லும் அதில் அடிபடும். மினோசைக்ளின் இந்தக் கிளர்ச்சியைத் தணிக்கிறது. ஆகவே காவலாளியை அமைதிப்படுத்தினால் வீடு தப்பிக்கும் என்று கணக்குப் போட்டார்கள்.

அமெரிக்காவில் 412 நோயாளிகளிடம் அதைச் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு ஒன்பது மாதம் மினோசைக்ளின், மீதிப் பேருக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. 2007-இல் வந்த முடிவை நான் பலமுறை படித்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் மனம் கனக்கிறது. மருந்து எடுத்தவர்களின் உடல், போலி மாத்திரை எடுத்தவர்களைவிட 25 சதவீதம் வேகமாகத் தளர்ந்திருந்தது. பலன் இல்லை என்பதோடு நிற்கவில்லை, கேடும் செய்திருக்கிறது.

காவலாளிக்கு அழிக்கும் வேலை மட்டும் இல்லை. இறந்த செல்லின் குப்பையை அகற்றுவதும், காயம்பட்ட இடத்தை ஆற்ற உதவுவதும் அதே மைக்ரோகிளியாதான். நோயின் எந்தக் கட்டத்தில் அது எந்த முகத்தைக் காட்டும் என்பதை ஒரு மாத்திரை பிரித்தறியாது. இன்னொன்றும் உண்டு. அந்த எலிகளுக்கு அறிகுறி தோன்றுமுன்பே மருந்து கொடுத்திருந்தார்கள். மனிதன் மருத்துவரைத் தேடிப் போவது கை தளர்ந்த பிறகு.

இது ஒருமுறை நடந்த விபத்தும் அல்ல. ஆஸ்ட்ரோசைட் என்னும் இன்னொரு துணைச் செல், நரம்புச் செல்களுக்கிடையே தேங்கும் குளுட்டமேட் என்னும் வேதிப்பொருளை உறிஞ்சி எடுக்கிறது. செஃப்ட்ரியாக்சோன் என்னும் ஆன்டிபயாடிக் ஊசி அந்த உறிஞ்சும் திறனைக் கூட்டுகிறது என்று 2005-இல் கண்டார்கள். எலிக்கு நன்மை தெரிந்தது. பிறகு 513 ஏ.எல்.எஸ். நோயாளிகளிடம் நடந்த சோதனையில் ஆயுள் கூடவில்லை. மருந்து பெற்றவர்களில் 12 சதவீதத்தினருக்குப் பித்தப்பை, கல்லீரல் சார்ந்த கடுமையான பாதிப்பு வந்தது. போலி மருந்து பெற்றவர்களில் ஒருவருக்குக்கூட வரவில்லை.

எலி ஆய்வுகளையே திரும்பச் செய்து பார்த்தவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்க ஆய்வுக்கூடம் ஒன்று 70-க்கும் மேற்பட்ட மருந்துகளை ஏறத்தாழ 18,000 எலிகளிடம் சோதித்து 2008-இல் முடிவை வெளியிட்டது. முன்பு பலன் தந்ததாகச் சொல்லப்பட்ட மினோசைக்ளினும் செஃப்ட்ரியாக்சோனும் அங்கே எலியின் ஆயுளைக்கூட நீட்டவில்லை.

அல்சைமர் நோயிலும் மினோசைக்ளின் கைகொடுக்கவில்லை. பிரிட்டனில் 544 பேரிடம் இரண்டாண்டு நடந்த சோதனையின் முடிவு 2020-இல் வந்தது. நாளுக்கு 400 மில்லிகிராம் எடுத்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்கூட மருந்தைக் கடைசிவரை தாங்கவில்லை.

துணைச் செல்களை நோக்கிய ஆராய்ச்சி நிற்கக் கூடாது, அதில் எனக்கு உறுதியான நம்பிக்கை உண்டு. ஆனால் ‘மூளையைக் காக்கும்’ என்ற செய்தி கைபேசிக்கு வந்தால், சோதித்தது எலியிடமா, மனிதரிடமா, எத்தனை பேரிடம், போலி மருந்தோடு ஒப்பிட்டார்களா என்று பாருங்கள். செய்தியை நம்பி நீங்களாகவே மருந்து வாங்கவும் வேண்டாம். இந்தியாவில் செஃப்ட்ரியாக்சோன் 2014 முதல் எச்1 அட்டவணையில் இருக்கிறது. மருத்துவர் சீட்டு இல்லாமல் அதை விற்கக் கூடாது. விற்றதைக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும். சீட்டு கேட்காமல் ஊசிமருந்தை எடுத்துக் கொடுக்கும் கடையில் அதை வாங்காதீர்கள்.