பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?

2020 ஜூன் 1. கொரோனாவால் பள்ளிகள் பூட்டியிருக்க, கேரளத்தில் விக்டர்ஸ் கல்வித் தொலைக்காட்சி வழியே ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்புகள் தொடங்கின. பாலக்காட்டின் சித்தூர், இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு வட்டாரங்களில் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகளுக்காகத் தமிழிலும் பாடங்கள் தயாராயின.

பாடம் திரையில் ஓடி முடிந்த பிறகுதான் பாதி வேலை தொடங்கியது. டிவி இல்லாத பிள்ளைகளுக்கு ஊர் நூலகங்கள் வகுப்பறைகளாயின. ஆசிரியர்கள் வாட்ஸ்அப்பில் பயிற்சி அனுப்பி, போனில் சந்தேகம் தீர்த்தார்கள். பள்ளியில் ஒருவரே செய்துவந்த வேலை பல பேரிடம் பிரிந்துபோனது. இதைப் பகிர்ந்த கற்பித்தல் எனலாம்.

யாரிடம் எந்தப் பங்கு இருக்கிறது என்று பார்க்கக் கற்றல் கோட்பாடுகள் உதவும். பின்னக் கூட்டலில் திணறும் ஒரு சிறுமியைப் பாருங்கள். “கீழே இருக்கிற ரெண்டு நம்பரும் ஒண்ணா இருக்கா?” என்று அக்கா கேட்டதும் வழி புலப்பட்டுவிடுகிறது. தனியே முடியாதது, தெரிந்தவர் துணையோடு முடிகிறது. இந்த இடைவெளியில்தான் கற்றல் நடக்கிறது என்றார் 1934-இல் மறைந்த ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி. பதிவுசெய்த பாடத்தால் அந்தக் கேள்வியைக் கேட்க முடியாது. பிள்ளை தடுமாறும் இடம் அதற்குத் தெரியாது.

கற்றல் ஆய்வாளர்களான ஜீன் லேவும் எட்டியென் வெங்கரும் 1991-இல் வேறொன்றைச் சொன்னார்கள்: ஒரு தொழில்கூட்டத்தின் ஓரத்தில் சேர்ந்து, சிறு வேலைகள் செய்தபடியே மனிதர்கள் தேர்ச்சி பெறுகிறார்கள். மூணாறு தேயிலைத் தோட்டத்துக்கு இது புதிதல்ல. புதிதாக வேலைக்கு வருபவர், அனுபவசாலிக்குப் பக்கத்தில் நின்று கொழுந்து எடுக்கிறார். எது இளங்கொழுந்து, எது முற்றிய இலை என்பதைக் கண்ணும் விரலும் பழகிக்கொள்கின்றன.

இப்படிப் பக்கத்திலிருந்து கற்கும் இடங்களாகக் கேரளத்தின் மலைக்கிராமங்களில் ஓராசிரியர் கல்வி மையங்கள் இருந்தன. ஒரே அறையில் நான்கு வகுப்புகள். மூத்த பிள்ளைகள் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க இயல்பாகவே இடமிருந்தது. பிள்ளைகளின் வீட்டையும் பேச்சையும் அறிந்தவர்கள் அந்த ஆசிரியர்கள். 2022-இல் அரசு அந்த மையங்களை மூடியது. பல ஆண்டுகள் கற்பித்தவர்களில் பலருக்குப் பள்ளிகளில் துப்புரவுப் பணியே கிடைத்தது. வேலையோடு சேர்த்து, அவர்கள் சேர்த்துவைத்திருந்த அறிவும் கைவிடப்பட்டது.

தொலைவழிப் பாடம் திட்டமிடுகிறவர்கள் கருவிகளைக் கணக்கிடும்போதே, ஒவ்வொரு குடியிருப்பிலும் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காரப்போவது யார் என்றும் கணக்கிட வேண்டும். அப்படி உட்காருபவர்களுக்குப் பயிற்சியும் ஊதியமும் அந்தத் திட்டத்துக்குள்ளேயே இடம்பெற வேண்டும்.