மெழுகுத் துரைகளும் நம்ம அண்ணனும்

மெழுகுப் பொம்மை என்றதும் நம் தோட்டத்துப் பிள்ளைகள் திருவிழாக் கடைப் பொம்மையைத்தான் நினைத்துக்கொள்ளும். நாம் சொல்ல வந்தது ஆளுயரப் பொம்மை. பக்கத்தில் போனால் "கொஞ்சம் நகருங்க" என்று சொல்ல வாய் வரும். அவ்வளவு தத்ரூபம்!

1980களில் ஒருமுறை ஜொகூர்த் தோட்டமொன்றிலிருந்து சிலரோடு சிங்கப்பூர் செந்தோசா தீவுக்குப் போயிருந்தோம். அப்போது பாலம் இல்லை, பெர்ரியில் போனோம். அங்கே 1974இல் திறந்த மெழுகுக் காட்சிக்கூடம் ஒன்று இருந்தது. 1945 செப்டம்பர் 12ஆம் தேதி சிங்கப்பூர் நகர மண்டபத்தில் ஜப்பான்காரன் சரணடைந்த காட்சி. மவுண்ட்பேட்டன் பிரபு ஒரு பக்கம். நோயில் கிடந்த தளபதி தெராவுச்சிக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட வந்த இத்தாகாகி எதிர்ப்பக்கம். மேசை, காகிதம், சட்டைப் பொத்தான் எல்லாம் அச்சு அசல்.

எங்களோடு வந்த பெரியவர் ஒருவர் ஜப்பான் ஜெனரல் முன்னால் நின்றவர் நகரவே இல்லை. 1943இல் அவருடைய அண்ணனைச் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துப் போனார்கள். திரும்பவில்லை.

அந்தப் பாதை 415 கிலோமீட்டர். அதில் மாண்ட வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் 12,000 பேருக்கு மேல். அவர்களுக்குக் காஞ்சனாபுரியில் கல்லறை உண்டு, கல்லில் பேரும் உண்டு. நம்மவர்களும் மற்ற ஆசியத் தொழிலாளர்களும் பல பத்தாயிரம் பேர். காட்டில் குழி தோண்டிப் போட்டதோடு சரி.

"கையைப் பாரு தம்பி, ஒரு காய்ப்பு இல்ல," என்றார் பெரியவர். கொஞ்சம் பொறுத்து, "எங்கண்ணன் மாதிரி ஒருத்தரையும் இங்க செஞ்சு வைக்கலாமே, ஏன் வைக்கல?" என்று கேட்டார்.

நாம் தெரிந்ததைச் சொன்னோம். ஆள் உயிரோடிருந்தால் உடம்பெல்லாம் அளவெடுத்துப் போட்டோ பிடிப்பார்கள். களிமண்ணில் தலை செய்து, சாந்தில் அச்செடுத்து, உருக்கிய மெழுகை ஊற்றுவார்கள். கண் தனியாகச் செய்து வைப்பது. தலைமயிரை ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்தி நடவேண்டும். (பால்வெட்டைவிடப் பொறுமை வேண்டிய வேலை!) ஓர் உருவத்துக்கு மாதக்கணக்காகும். லண்டனில் 1835இல் காட்சிக்கூடம் வைத்த மேடம் துசாட் காலத்துத் தொழில்தான் இது, பெரிதாக மாறவில்லை. இறந்தவர் என்றால் போட்டோவை வைத்துத்தான் செய்யவேண்டும். "அண்ணன் போட்டோ இருக்குங்களா?" என்று கேட்டோம்.

இல்லை. அந்தக் காலத்தில் தோட்டத்தில் யார் போட்டோ பிடித்தார்கள்? நம் நாட்டில் அடையாளக் கார்டு வந்ததே 1948இல்தான். அண்ணன் பேர் செக்ரோலில் இருந்தது. அந்தச் செக்ரோலும் இன்று இல்லை. ஜெனரலுக்குப் படம் பத்திரமாக இருக்கிறது, மீசை மயிர்கூடத் தப்பாமல் நட்டிருக்கிறார்கள். கல்லுடைத்தவனுக்கு ஒரு படம் இல்லை. நமக்கு இதில்தான் மனசு ஆறவில்லை.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பலகாரப் பொட்டலத்தைப் பிரித்தோம். பெரியவர் சாப்பிடவில்லை. பெர்ரிக்கு நேரமாகி எழுந்தபோது நம் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நானும் அவரும் ஒரே சாடை. எங்காத்தாவே இருட்டுல பேரை மாத்திக் கூப்பிடும். என்னை உட்கார வச்சு அளவெடுத்தா ஆகாதா?"