இடுப்பு மூட்டும் கணினியின் வழிகாட்டலும்

மனிதன் நிமிர்ந்து நடப்பதற்கு உதவும் உறுப்புகளுள் இடுப்பு மூட்டு தலையாயது. தொடை எலும்பின் உருண்ட தலை, இடுப்பெலும்பிலுள்ள கிண்ணம் போன்ற குழியினுள் அமர்ந்து சுழல்கின்றது. இவ்விரண்டையும் மூடியிருக்கும் வழவழப்பான குருத்தெலும்பு தேய்ந்துவிடின், எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியும் வேதனையாகிவிடும்.

வினாயகபுரம் முதலான அம்பாறைக் கரையோர ஊர்களிலே, பாயிற் சம்மணமிட்டு உண்பதும், குந்தியிருந்து மீன் வெட்டுவதும், கோயிலில் விழுந்து வணங்குவதும், பள்ளிவாசலில் தொழுகையிற் சிரம் தாழ்த்துவதும் அன்றாட வழக்கங்கள். இவை யாவும் இடுப்பு நன்கு மடங்கினாலன்றி இயலா.

தேய்ந்த மூட்டுக்குப் பதிலாகச் செயற்கை மூட்டைப் பொருத்தும் முறையை உறுதியாக நிலைநாட்டியவர் இங்கிலாந்தின் சத்திரசிகிச்சை நிபுணர் ஜோன் சார்ன்லி. 1962ஆம் ஆண்டில் அவர் உலோகப் பந்தையும் பொலிஎதிலீன் கிண்ணத்தையும் இணைத்து வெற்றி கண்டார். ஆயினும் ஓர் இடர்ப்பாடு எஞ்சியது. கிண்ணத்தின் வாய் பிழையான திசையை நோக்கியிருப்பின், நோயாளி குனியும்போதோ திரும்பும்போதோ பந்து நழுவி வெளியேறக்கூடும். கிண்ணம் ஏறத்தாழ 40 பாகை சரிந்தும், 15 பாகை முன்னோக்கியும் இருத்தல் நன்று என்றும், இரு பக்கமும் 10 பாகை வேறுபாடு பொறுக்கத்தக்கது என்றும் 1978இல் லூயினெக் என்பவரும் அவர்தம் துணைவரும் எடுத்துரைத்தனர்.

துணியால் மூடப்பட்டு ஒருக்களித்துக் கிடக்கும் நோயாளியின் இடுப்பெலும்பு, சிகிச்சையின்போது சிறிது புரண்டாலும் வைத்தியரின் கண்மதிப்பு பிழைத்துவிடும். இக்குறையை நீக்கவே கணினி துணைக்கு வந்தது. 1990களில் ஐக்கிய அமெரிக்காவின் பிற்ஸ்பேர்க் நகரில் டிஜோயா, யாராமாஸ் ஆகியோர் இத்தகைய வழிகாட்டும் அமைப்பொன்றை உருவாக்கினர்.

அதன் செயன்முறை யாது? கரையிலுள்ள அடையாளங்களை இரு திசைகளில் நோக்கிக் கடலில் தோணி நிற்கும் இடத்தை அறிவது மீனவரின் பழைய வழக்கம். இங்கும் அத்தகைய கணக்கே நிகழ்கின்றது. ஒளியைத் திருப்பியனுப்பும் சிறு உருண்டைகள் இடுப்பெலும்பிலும் கருவிகளிலும் பொருத்தப்படுகின்றன. கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியில் அவற்றை இரு கமராக்கள் நோக்குகின்றன. இரு பார்வைகளும் சந்திக்கும் புள்ளியைக் கணினி கணித்து, கிண்ணம் நிற்கும் கோணத்தைத் திரையிற் காட்டுகின்றது. வெட்டுவதும் பொருத்துவதும் வைத்தியரின் கையே.

எனினும், தொடக்கத்தில் இடுப்பெலும்பின் முனைகளைத் தொட்டுக் குறிக்கும்போது பிழை நேர்ந்தால், பின்வரும் கணக்கு முழுவதும் பிழையாகும். பொருத்திய உருண்டைகள் அசைந்துவிட்டாலும் அவ்வாறே. மேலும், 2016இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தார் வெளியிட்ட ஆய்வில், மூட்டு நழுவிய 206 பேருள் பாதிக்கு மேற்பட்டோரின் கிண்ணங்கள் மேற்சொன்ன எல்லைக்குள்ளேயே இருந்தமை தெரியவந்தது. ஒருவர் அமரும்போதும் எழும்போதும் முதுகெலும்போடு இடுப்பெலும்பு எவ்வாறு சாய்கின்றது என்பதும் ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றது.

ஆகவே, சிகிச்சைக்குச் செல்வோர் தாம் தரையில் அமர்பவரா, குந்துபவரா, எவ்வாறு வழிபடுபவர், என்ன தொழில் செய்பவர் என்பவற்றை வைத்தியரிடம் முன்கூட்டியே விளங்கச் சொல்லல் வேண்டும். பின்னர் எவ்வசைவுகளைத் தவிர்ப்பது என்பதையும் கேட்டறிதல் வேண்டும். கோணத்தைக் கருவி அளந்து தரும். நோயாளியின் வாழ்க்கை முறையை அவரே எடுத்துரைத்தல் வேண்டும்.